ஆறு வருஷத்துக்கு ஒரு நியாயமான குடிமகள்

எங்கள் மாநிலச் சட்டசபைக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. மக்களைக் கேட்காமல் அது எதையும் செய்யாது. கேட்கும், தலையை ஆட்டும், உங்கள் குரல் எங்கள் நெஞ்சைத் தொட்டது என்று நன்றி சொல்லும். பிறகு, கேட்பதற்கு முன்பே அச்சடித்து வைத்திருந்ததை எடுத்து நிறைவேற்றும்.

கருக்கலைப்பு விஷயத்திலும் அப்படித்தான் கேட்டது. வாக்குச்சீட்டிலேயே போட்டுக் கேட்டது. நூற்றுக்கு ஐம்பத்தெட்டு பேர், இது பெண்ணுக்கும் டாக்டருக்கும் நடுவில் உள்ள சமாச்சாரம், நீங்கள் மூக்கை நுழைக்காதீர்கள் என்று குத்திவிட்டார்கள். சட்டசபை அசரவில்லை. இந்த மாதிரிக் கேள்விக்கு அறுபது வந்தால்தான் வெற்றி என்று அதற்கு முந்திய கோடையிலேயே ஒரு விதி செய்து வைத்திருந்தது. ஆக, ஐம்பத்தெட்டு தோற்றது, நாற்பத்திரண்டு ஜெயித்தது. இந்தக் கணக்கை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் போட்டால் பிள்ளைக்குச் சைபர்தான் கிடைக்கும்.

ஜெயித்த சூட்டோடு 'குடும்பமே முதல்' என்று ஒரு சட்டம் வந்தது. கருக்கலைப்பு கிடையவே கிடையாது. ஆனாலும் இரக்கமில்லாதவர்கள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே, அதற்காக ஒரு விலக்கு வைத்தார்கள். நிலைமையைக் கேட்கிற ஒரு நியாயமான குடிமகன், 'ஐயோ, இது ஆபத்துதான்' என்று ஒப்புக்கொண்டால் மட்டும் டாக்டர் கை வைக்கலாம். அதை ஏன் டாக்டரே சொல்லக் கூடாது என்று யாரோ கேட்டதற்கு, சட்டத்தைக் கொண்டுவந்த செனட்டர் வெண்டல் கிராப்ட்ரீ எழுந்து விளக்கம் கொடுத்தார். "டாக்டர்கள்கிட்ட விட்டா அவங்க பாட்டுக்கு வைத்தியம் பாத்துடுவாங்க." சபை மேசையைத் தட்டியது.

நியாயமான குடிமகன் என்பது நீதிமன்றங்களில் காலங்காலமாகப் புழங்குகிற ஒரு பேச்சு. அப்படி ஓர் ஆள் எங்கேயும் குடியிருப்பதாக யாரும் நினைப்பதில்லை. எங்கள் சட்டசபை நினைத்தது. ஆளைத் தேடிக் கண்டுபிடித்து, ஒரு தொலைபேசி கொடுத்து உட்கார வைத்துவிட்டால் சந்தேகமே வராதல்லவா? கருத்துக் கணிப்பு நடத்துகிற டாட் லிண்ட்குவிஸ்ட் என்பவரைக் கூப்பிட்டு, மாநிலம் என்ன நினைக்கிறதோ அதையே அச்சு அசலாக நினைக்கிற ஓர் ஆளைக் கொண்டு வா என்று அனுப்பிவிட்டார்கள்.

அவர் வந்து சேர்ந்த இடம் மில்பர்ன் ஊரில் ஆர்லீன் கொவால்கியின் சமையலறை.

ஆர்லீன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். முப்பத்தொன்பது வயது. அவள் கணவன் டுவெய்ன் டிராக்டர் பழுது பார்க்கிறவன். ஜோசி என்று இரண்டாம் வகுப்புப் படிக்கிற மகள் ஒருத்தி. இன்னொரு பிள்ளைக்கு ஆசைப்பட்டு ஆசைப்பட்டு ஓய்ந்து போயிருந்த வீடு. லிண்ட்குவிஸ்ட் காபியைக் கையில் வாங்கிக்கொண்டு கேள்விகளை ஆரம்பித்தார்.

"நாயா, பூனையாம்மா?"

"நாய்தான். ஆனா ஒரு பூனை பின்கட்டுல வந்து நிக்கும். பால் வைப்பேன்."

"சர்ச்சுக்குப் போவீங்களா?"

"பனி ரொம்பக் கொட்டலைன்னா போவேன்."

"கருக்கலைப்பு பத்தி என்ன நினைக்கறீங்க?"

ஆர்லீன் யோசித்தாள். "எனக்குன்னு கேட்டா, மனசு வராது சார். அடுத்தவ வீட்டுல என்ன கஷ்டம்னு எனக்கு என்ன தெரியும்? நான் யாரையும் ஒண்ணும் சொல்றதில்ல."

லிண்ட்குவிஸ்ட் கோப்பையைக் கீழே வைத்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "அம்மா, வசந்தம் பூரா உங்களைத்தான் தேடிக்கிட்டு இருந்தேன். ஒரு பக்கமும் சாயல. துல்லியமான நடு!"

"நம்ம ஆர்லீனா நடு?" என்றான் டுவெய்ன். "சார், எங்க மாமியார் காதுல போட்டுடாதீங்க. எம்பொண்ணைப் பாத்து சராசரின்னு எவன் சொன்னான்னு சண்டைக்கு வந்துடும்."

ஆர்லீனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அரசாங்கத்து வேலை, வீட்டிலிருந்தே பார்க்கலாம், தொலைபேசி வந்தால் பதில் சொன்னால் போதும் என்றார்கள். நல்லதுக்குத்தானே கேட்கிறார்கள் என்று தலையாட்டிவிட்டாள். வேலியில் போன ஓணான் தன் மடியில் ஏறுவது அவளுக்கு அப்போது தெரியவில்லை.

பதவியேற்பு தலைநகரில் நடந்தது. எங்கள் கவர்னருக்கு ஒரு கையெழுத்துப் போட ஒரு பேனா போதாது. ஒரு கோட்டுக்கு ஒரு பேனா, ஒரு வளைவுக்கு ஒரு பேனா என்று போட்டு, ஒவ்வொன்றையும் பின்னால் நிற்பவர்களுக்கு நினைவுப் பரிசாகக் கொடுப்பார். பின்னால் நிற்பதற்கென்றே ஆட்களைச் சேர்த்திருந்தார்கள். தொப்பி போட்ட ஒரு விவசாயி, இரட்டைக் குழந்தைகள், நர்ஸ் உடுப்பில் ஒரு பெண். அந்தப் பெண்ணிடம் ஆர்லீன் எந்த ஆஸ்பத்திரி என்று விசாரித்தாள். "ஆஸ்பத்திரியா? நான் செனட்டர் ஆபீஸ்ல டைப்பிஸ்ட்டுங்க" என்றாள் அவள். எல்லாரும் உப்புக்குச் சப்பாணிகள். ஆர்லீனுக்குக் கிடைத்தது கடைசிப் புள்ளி வைத்த பேனா.

செனட்டர் கிராப்ட்ரீ அன்றைக்குப் பேசிய பேச்சை மாநிலமே கேட்டது. "மக்கள் கருத்து புனிதமானது. அதனாலதான் அதை மக்கள் கையில விட்டு வைக்க முடியாது. போட்டு உடைச்சிடுவாங்க. அதைப் பத்திரமா ஒரே ஆள்கிட்ட ஒப்படைக்கிறோம். ஆறு வருஷப் பதவி. நடுவுல கவர்னரும் நீக்க முடியாது, கோர்ட்டும் நீக்க முடியாது, நானும் நீக்க முடியாது. மக்கள் மனசு மாறலாம். ஆனா மக்கள் கருத்து மாறக் கூடாது!" பேண்டு வாத்தியம் முழங்கியது. ஆர்லீனின் கையில் ஒரு கைபேசியைத் திணித்து, பிடித்துக்கொள்ளச் சொல்லிப் படம் எடுத்தார்கள். மறுவாரமே அந்தப் படம் நெடுஞ்சாலைப் பலகைகளில் ஏறியது. 'இவர் நியாயமானவர். நீங்கள்?' என்று கீழே எழுதியிருந்தது.

முதல் அழைப்பு வந்தபோது அவள் பேருந்தை நிறுத்திவிட்டு, இருக்கைக்கு அடியில் பிள்ளைகள் விட்டுப் போன கையுறைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பேசியவர் லிண்ட்குவிஸ்ட்தான்.

"ஒரு சூழ்நிலை வந்திருக்கும்மா. தொடர்புடைய நபருக்கு ஈரப்பதம் அதிகமா இருக்கு."

"என்னது அதிகமா இருக்கு?"

"ஈரப்பதம்."

"ரத்தமா சார்?"

"அந்த வார்த்தையை நான் சொல்லக் கூடாது. நியாயமான குடிமகளோட மனசு ஒரு பக்கம் சாஞ்சிடும்னு, இந்தச் சட்டத்தை நடத்தச் சட்டசபை போட்ட குழு முடிவு பண்ணியிருக்கு. கொஞ்சம் வெதுவெதுப்பும் இருக்கு. உங்க அபிப்பிராயம்?"

"வெதுவெதுப்புன்னா காய்ச்சலா? அட கடவுளே! டாக்டர் என்ன பண்றாங்க?"

"நீங்க என்ன சொல்லப்போறீங்கன்னு காத்துக்கிட்டு நிக்கறாங்க."

"நானா? நான் பஸ் ஓட்டறவ சார்! செய்யச் சொல்லுங்க, சீக்கிரம் செய்யச் சொல்லுங்க!"

அன்று முழுக்க அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தப் பெண் பிழைத்தாளா என்று திருப்பி அழைத்துக் கேட்டாள். அது சூழ்நிலைக்குத் தொடர்பில்லாத கேள்வி என்று சொல்லிவிட்டார்கள்.

அடுத்தடுத்து அழைப்புகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் அவள் பதறிப் போய், செய்யுங்கள், செய்யுங்கள் என்றாள். குழுவுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. தேடிப் பிடித்த நியாயமான குடிமகள் இப்படி நியாயமில்லாமல் நடந்துகொள்கிறாளே! லிண்ட்குவிஸ்ட் வரைபடச் சுருளோடு மறுபடி அவள் சமையலறைக்கு வந்தார்.

"அம்மா, நீங்க எல்லாத்துக்கும் ஆமாங்கறீங்க. மாநிலம் அப்படிச் சொல்லலையே. நூத்துக்கு ஐம்பத்தெட்டு பேர்தானே ஆமான்னாங்க?"

"அதான் தோத்துப் போச்சுன்னு சொன்னீங்களே?"

"எண்ணிக்கைதான் தோத்துச்சு. விகிதம் அப்படியேதான் இருக்கு. நீங்க மாநிலத்தோட கண்ணாடி. நூறு அழைப்பு வந்தா ஐம்பத்தெட்டுக்கு ஆமான்னு சொல்லுங்க. நாப்பத்திரண்டுக்கு மாட்டேன்னு சொல்லுங்க. கணக்கு நேராயிடும்."

ஆர்லீன் சுருளைத் தன் பக்கம் இழுத்தாள். "எந்த நாப்பத்திரண்டு?"

"அதை உங்க இஷ்டத்துக்கு விட்டுட்டோம். குழு அதுல தலையிடாது."

டுவெய்ன் எழுந்து போய் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். லிண்ட்குவிஸ்ட் சுருளைச் சுற்றிக்கொண்டு கிளம்பினார்.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் ஆர்லீன் உண்டானாள். எதிர்பார்ப்பெல்லாம் விட்டுப்போன பிறகு வந்த கரு. டுவெய்ன் பட்டறையிலிருந்தவர்களுக்கெல்லாம் டோனட் வாங்கிக் கொடுத்தான். ஜோசி தன் பொம்மைகளில் எதைக் கொடுப்பது, எதைக் கொடுக்க முடியாது என்று பிரித்து வைத்தாள். குழுவுக்கும் ஆனந்தம்தான், ஆனால் ஒரு சிக்கல். மாநிலத்தில் பெரும்பாலானோர் கர்ப்பமாக இல்லையே, இவள் இன்னமும் சராசரிதானா? ஒரு நாள் முழுக்க விவாதித்துவிட்டு, நெடுஞ்சாலைப் பலகைகளை மாற்ற முடியாது என்பதால் சராசரிதான் என்று தீர்மானம் போட்டார்கள்.

செனட்டரே அழைத்து வாழ்த்தினார். ஆர்லீன் சந்தர்ப்பத்தை விடவில்லை. "ஐயா, நம்ம மாவட்டத்துல பிரசவ ஆஸ்பத்திரியை மூடிட்டாங்க. டாக்டர்கள்லாம் பயந்துக்கிட்டு வேற மாநிலத்துக்குப் போயிட்டாங்க. ஒரு மணி நேரம் வண்டியில போகணும். பிரசவத்துக்குச் சம்பளத்தோட லீவும் கிடையாது. குடும்பமே முதல்னு சட்டம் போட்டிருக்கீங்களே, இதுக்கு ஏதாவது…"

"ஆர்லீன்மா," என்றார் செனட்டர், குரலில் தேன் ஒழுக. "ஒரு குடும்பத்தோட சொந்த விஷயத்துல அரசாங்கம் மூக்கை நுழைக்கறது நம்ம கொள்கைக்கே விரோதம் இல்லையா?"

படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்பார்களே, அந்த ஜாதி.

நவம்பரில் மான் வேட்டை தொடங்குகிற சனிக்கிழமை எங்கள் மாநிலத்தில் பாதிப் பேர் ஆரஞ்சு நிறச் சட்டை மாட்டிக்கொண்டு காட்டுக்குள் போய்விடுவார்கள். மீதிப் பேர் சர்ச்சின் கீழ்த்தளத்தில் கூடி, ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடுவார்கள். ஆர்லீன் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் போட்டுச் சுட்ட பதார்த்தத்தோடு வரிசையில் நின்றபோது, தண்ணீர் கொட்டுவது போலக் காலெல்லாம் நனைந்தது. ஐந்தாம் மாதம்கூட நிறையவில்லை. பாத்திரத்தை மேசையில் வைத்துவிட்டு டுவெய்னைத் தேடினாள். நல்ல வேளை, அவன் வேட்டைக்குப் போகாத பேர்களில் ஒருவன்.

ஒரு மணி நேரப் பயணம். ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹாலோரன் சோதித்துப் பார்த்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு ஆர்லீன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஆர்லீன், பனிக்குடம் உடைஞ்சிடுச்சு. இந்தக் குழந்தை பிழைக்க வழியே இல்லம்மா. உங்களுக்கு இப்பவே காய்ச்சல் ஆரம்பிச்சிருக்கு. உள்ள சீழ் பிடிக்குது. உடனே முடிச்சாகணும். இல்லேன்னா உங்க உயிருக்கே ஆபத்து."

ஆர்லீன் சுவரைப் பார்த்து அழுதாள். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஜோசிக்கு நான் வேணும் டாக்டர். செய்யுங்க."

"செய்யத்தான் நிக்கறேன். ரூம் ரெடி, மருந்து ரெடி. தலைநகரத்துக்கு ஒரு ஃபோன் போட்டு அனுமதி வாங்கணும். வாங்காம கை வெச்சா நான் ஜெயில்ல."

"பக்கத்து ஸ்டேட்டுக்கு நான் தூக்கிட்டுப் போயிடறேன்," என்றான் டுவெய்ன்.

"இந்தக் காய்ச்சலோட வழியிலயே ஏதாவது ஆயிடும். இருங்க." டாக்டர் வெளியே போனாள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. தலைநகரம் அவளைக் காத்திருக்கச் சொல்லி, குடும்பப் பெருமையைப் பற்றி ஒரு பாட்டைப் போட்டுக் காட்டியது.

சற்று நேரத்தில் நாற்காலியில் கிடந்த ஆர்லீனின் கோட்டுக்குள்ளே தொலைபேசி மணி அடித்தது.

டுவெய்ன் எடுத்து அவள் காதில் வைத்தான்.

"ஒரு சூழ்நிலை வந்திருக்கும்மா," என்றார் லிண்ட்குவிஸ்ட். "தொடர்புடைய நபருக்கு வயசு முப்பத்தொன்பது. கசிவு இருக்கு, வெதுவெதுப்பு இருக்கு. ஒரு நியாயமான குடிமகள் இதை ஆபத்துன்னு நினைப்பாங்களா?"

"சார், அது நான்தான்."

"ஆமாம்மா, நீங்கதான் நியாயமான குடிமகள். அதனாலதானே கேக்கறேன்."

"ஐயோ, அந்தக் காய்ச்சல்காரி நான் சார்! படுத்துக் கிடக்கறவ நான்! ஆமா, ஆபத்துதான்! செய்யச் சொல்லுங்க!"

லிண்ட்குவிஸ்ட் அவளைக் காத்திருக்கச் சொன்னார். பிறகு அதே பாட்டு ஒலித்தது. அதற்குப் பிறகு வந்தது செனட்டரின் குரல். காட்டுக்குள் இருந்து கிசுகிசுப்பாகப் பேசினார், மான் ஓடிவிடக் கூடாதே.

"ஆர்லீன்மா, மனசு ரொம்பக் கஷ்டமா இருக்கு. வீட்ல எல்லாரும் உங்களுக்காக ஜெபம் பண்றோம். ஆனா நீங்க இதுல பதில் சொல்ல முடியாதே. உங்களுக்கு இதுல சொந்த நலன் இருக்கு."

"என் உயிருய்யா!"

"அதைத்தான் நானும் சொல்றேன். கஷ்டப்படறவங்களே முடிவு பண்ணலாம்னா அப்புறம் சட்டம்னு ஒண்ணு எதுக்கும்மா? கவலைப்படாதீங்க, துணை நியாயமான குடிமகன் ஒருத்தர் இருக்காரு. அவரைக் கேட்டுச் சொல்லச் சொல்றேன்."

துணை நியாயமான குடிமகன் ராய்ஸ் டில்லரி என்பவர் செனட்டரின் மைத்துனர். ஆகவே அவர் சராசரி என்பதைக் கண்டுபிடிக்கக் கருத்துக் கணிப்பு எதுவும் தேவைப்பட்டிருக்கவில்லை. அவரும் அன்றைக்கு எங்கோ ஒரு மரத்தில் கட்டிய பரணில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தார். தொலைபேசியை அணைத்து வைத்திருந்தார். அவரைத் தேடி வனக்காவலர் ஒருவரை நடந்தே அனுப்பினார்கள்.

ஆர்லீனுக்கு உடம்பு தூக்கிப் போட ஆரம்பித்தது. பல் கிட்டியது. டாக்டர் ஹாலோரன் வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தாள். டுவெய்ன் அவளை மறித்துக் கேட்டான். "இன்னும் எவ்வளவு மோசமாகணும் டாக்டர்? ஒரு அளவு சொல்லுங்களேன், நானும் தெரிஞ்சுக்கறேன்." டாக்டர் மறுபடி தலைநகரத்துக்கு ஃபோன் போடப் போனாள். போர்வைக்குள் ஆர்லீன், நாற்பத்திரண்டு, நாற்பத்திரண்டு என்று பிதற்றிக்கொண்டிருந்தாள்.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் வனக்காவலர் டில்லரியைக் கண்டுபிடித்து, மரத்தடியில் நின்றே கேள்வியைப் படித்தார். டில்லரி மேலேயிருந்து எட்டிப் பார்த்தார்.

"அந்தப் பொம்பளைக்கு நினைவு இருக்கா?"

"இருக்குதாம்."

"அப்ப அவளைக் கேளேன்யா! இதைக் கேக்கவா இவ்வளவு தூரம் வந்து மானை விரட்டின?"

இந்தப் பதில் ஒழுங்காகத் தலைநகரம் போய்ச் சேர்ந்தது. குழு அதை 'கருத்து ஏதுமில்லை' என்று எடுத்துக்கொண்டது.

அதற்குள் ஆர்லீனின் ரத்த அழுத்தம் விழுந்துவிட்டது. நினைவு போய்விட்டது. டாக்டர் ஹாலோரன் யாரையும் கேட்காமல் கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். போனால் போகட்டும், ஜெயிலில் போய் இருக்கிறேன் என்று கத்திக்கொண்டே ஓடினாள். உயிரைப் பிடித்து நிறுத்திவிட்டாள். கர்ப்பப்பையைக் காப்பாற்ற முடியவில்லை. மதியமே செய்திருந்தால் அதுவும் தப்பியிருக்கும் என்று பிறகு டுவெய்னிடம் சொன்னாள், சொல்லும்போது அழுதாள்.

ஆர்லீன் வீடு திரும்பிய வாரத்தில் செனட்டர் கிராப்ட்ரீ நேரில் வந்தார். லிண்ட்குவிஸ்டும் வந்தார். இழவு வீட்டுக்கு வெறுங்கையோடு போவது எங்கள் பக்கம் வழக்கமில்லை, ஒரு பாத்திரத்தில் ஏதாவது சமைத்துக் கொண்டுபோக வேண்டும், பாத்திரம் திரும்பி வருவதற்காக அடியில் பேர் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். செனட்டரும் ஒரு பாத்திரம் கொண்டுவந்தார். அடியில் அவருடைய தேர்தல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். அந்த ஓநாய்கூட ஸ்டிக்கர் ஒட்டவில்லை.

"மாநிலமே உங்களை நினைச்சுப் பெருமைப்படுது," என்றார் செனட்டர். "டாக்டர் மேலகூட நான் கேஸ் போடச் சொல்லல. இப்போதைக்கு."

"ஒரு நல்ல சேதியும் இருக்கும்மா," என்றார் லிண்ட்குவிஸ்ட். "இனிமே நீங்க கர்ப்பமாக வாய்ப்பில்லைங்கறதால மறுபடி சராசரிக்கே வந்துட்டீங்க."

டுவெய்ன் நாற்காலியிலிருந்து எழுந்தான். ஆர்லீன் அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

செனட்டர் தொண்டையைச் செருமினார். "ஆனா நீங்க பட்ட கஷ்டத்துக்கு ஓய்வு வேணும். அதனால ஃபோனை எங்ககிட்டயே குடுத்துடுங்க. பொறுப்பை ராய்ஸ்… அதாவது வேற ஒருத்தர்கிட்ட குடுக்கலாம்னு இருக்கோம்."

கைபேசி மேசை நடுவில், சர்க்கரைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அவர் கையை நீட்டினார். அதே சமயம் அது அடித்தது. ஆர்லீன் எடுத்துக்கொண்டாள். லிண்ட்குவிஸ்டின் அலுவலகத்திலிருந்து ஒரு சின்னப் பெண் குரல், பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஒப்பித்தது. தொடர்புடைய நபர், வயது இருபத்தொன்று, ஈரப்பதம், வெதுவெதுப்பு.

"அவளைக் கேட்டீங்களாம்மா?" என்றாள் ஆர்லீன்.

"யாரைங்க?"

"படுத்திருக்கறவளை. அவ என்ன சொல்றா?"

அந்தப் பெண் தடுமாறினாள். "அவங்க… செய்யுங்கன்னு கெஞ்சறாங்கன்னு டாக்டர் சொன்னாங்க."

"அப்ப அதுதான் என் பதிலும். இந்த நிமிஷமே செய்யச் சொல்லு. இனிமே எந்தப் பொண்ணுக்குக் கேட்டாலும் அவளைக் கேட்டுட்டு எனக்குச் சொல்லு. அவ சொன்னதுதான் நான் சொன்னது."

கைபேசியை ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள். செனட்டரின் கை இன்னும் மேசைமேல்தான் நீண்டு கிடந்தது. அவருடைய பாத்திரத்தை, மூடியைத் திறக்காமலே எடுத்து அந்தக் கையில் வைத்தாள்.

"ஆர்லீன்மா, இப்படி ஆறு வருஷமும் சொல்லிக்கிட்டே இருந்தா நாடு என்னாகிறது? நீங்க யோசிச்சு மனசை மாத்திக்கணும்."

"மாத்திக்கலாம்தான் ஐயா," என்றாள் ஆர்லீன். "ஆனா மக்கள் கருத்து மாறக் கூடாதுன்னு நீங்கதானே பேண்டு வெச்சுச் சொன்னீங்க?"